முப்பத்துநாலு பாகை

சுஜீதன் மடிக்கணினியை அறைந்து மூடினான். உடனே பயந்து திறந்து, திரை உடையவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டான். எண் அப்படியேதான் இருந்தது. நூற்று நாற்பத்தாறு.

மல்கிரேவில் உள்ள அந்த பிஸ்கட் தொழிற்சாலையில், பெரிய அடுப்பின் சூட்டை அந்தந்த நொடியே அலுவலகத் திரையில் காட்ட வேண்டும். அதுதான் அவனுக்குத் தந்த வேலை. பெரிதாக எழுத ஒன்றுமில்லை. கணினியில் சிறு பெட்டிகளை வைத்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கோடு இழுத்தால் போதும். இழுத்தான். அடுப்பிலிருந்து எண்ணும் வந்தது. ஆனால் அடுப்பருகே தொங்கிய தாளில் நூற்றெண்பது என்று முத்துமுத்தாக எழுதியிருந்தது.

"கிரிஜா எட்டு வருஷமாய் அடுப்பின்ர பின்பக்கச் சூட்டுமானி முள்ளைப் பாத்து அரைமணிக்கு ஒருக்கா எழுதுறா. ஒருநாளும் பிழைச்சதில்லை," என்றார் முதலாளி தேவராஜா. "மூண்டு மணிக்கு வாறன். தாளும் உம்மட நம்பரும் ஒத்துப்போகவேணும். இல்லாட்டி நாளைக்கு நீர் வரத் தேவையில்லை."

பிழை தன்னுடையதுதான் என்று சுஜீதன் நினைத்தான். எப்போதும் அப்படித்தான் நினைப்பான். அதனால் கோபம் இரண்டு மடங்காக வந்தது.

முதலில் கேபிளை மாற்றினான். எண்ணே போய்விட்டது. பழைய கேபிளைச் செருகி, எண்ணைப் படிக்கும் முறையை மாற்றினான். முப்பத்தேழாயிரம் பாகை வந்தது.

"அவ்வளவு சூடெண்டால் பிஸ்கட் இல்லை, மல்கிரேவே மிஞ்சாது தம்பி," என்றார் எட்டிப் பார்த்த கிரிஜா. "தேத்தண்ணி குடிக்கிறீரோ?"

"தேத்தண்ணி வேண்டாம் அன்ரி! நம்பர்தான் வேணும்!"

அடுத்து, அடுப்பின் கட்டுப்பாட்டுப் பெட்டியை அணைத்து மறுபடி போட்டான். பிஸ்கட்டுகளைச் சுமந்துபோகும் பட்டை நின்றது. மாவு விழுவது நிற்கவில்லை. நானூறு வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒரே பிஸ்கட்டாயின.

"ஆர் நிப்பாட்டினது?" அலுவலகத்திலிருந்து தேவராஜா கத்தினார்.

"நான்தான்! இந்தக் கோதாரி மெஷின் பொய் சொல்லுது!"

எல்லாவற்றையும் பழையபடி பூட்டியபோது எண் திரும்பி வந்தது. நூற்று நாற்பத்தாறு.

மணி இரண்டு. சுஜீதன் பல்லைக் கடித்துக்கொண்டு கணினிக் கோட்டின் நடுவில் ஒரு பெட்டியை வைத்தான்: வருவதோடு முப்பத்துநாலைக் கூட்டு. திரையில் நூற்றெண்பது. வெட்கமாக இருந்தது. வெட்கமும் கோபமாகவே வந்தது.

இரண்டரைக்குக் கேட்டான். "அன்ரி, இப்ப எவ்வளவு?"

"நூற்றெண்பத்திரண்டு."

திரையில் நூற்று எழுபத்தைந்து. மேசையில் குத்தினான். இன்னொரு பெட்டி: ஏழைக் கூட்டு.

"மூண்டு மணியாகுது அன்ரி! இப்ப?"

"நூற்றெழுபத்தொன்பது. ஏன் தம்பி கத்துறீர்?"

திரையில் நூற்றெண்பத்தெட்டு. மூன்றாவது பெட்டி: ஒன்பதைக் கழி. கோட்டை இழுத்து முடிக்கவும் தேவராஜா உள்ளே வரவும் சரியாக இருந்தது.

அவர் தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அச்சொட்டாய் இருக்கு! இனி நீர் எங்கட ஆள். வேலை நிரந்தரம்."

அவர் போனதும் சுஜீதன் கதிரையில் சரிந்தான். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். கிரிஜா அதற்குள் எண்கள் முழுதும் நிரப்பிய ஒரு தாளை அவனிடம் நீட்டினார்.

"இந்தாரும், நாளையான் தாள். அந்தரப்படாமல் இப்பவே பெட்டியளைப் போட்டு வையும் தம்பி; நான் திங்கட்கிழமையே கிழமையின்ர எல்லா நாளுக்கும் எழுதிப்போடுவன்."