லைன்மேனை நடுங்க வைத்த காதல் கதை

காதல் கதை படித்து உள்ளங்கை வியர்த்துப்போகும் மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் குளத்தூர் லைன்மேன். அவருக்கும் ஒரு பெயர் இருக்கத்தான் செய்கிறது. ரேஷன் அட்டையைத் தாண்டி அது புழக்கத்தில் இல்லை. அவர் மனைவியே யாராவது கேட்டால், "லைன்மேன் வெளிய போயிருக்காருங்க" என்றுதான் சொல்வார்.

வேறு எதற்கும் அவர் பயந்து நான் பார்த்ததில்லை. காற்றும் மழையுமாக ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் கம்பத்தின் உச்சியில் நின்றுகொண்டு, கீழே குடை பிடித்து நிற்பவரிடம் வீட்டு விசேஷம் விசாரிப்பார். ஒருமுறை எங்கள் பள்ளிக்கூடத்து மெயின் சுவிட்ச் பெட்டிக்குள் பாம்பு சுருண்டு கிடந்தது. நாங்கள் மைதானத்தின் மறுகோடிக்கு ஓடிவிட்டோம். அவர் ஒரு குச்சியால் அதைத் தூக்கி வேலியோரம் விட்டு, இங்கிட்டெல்லாம் வராதே, ஷாக் அடித்துவிடும் என்று அதற்குப் புத்தியும் சொல்லி அனுப்பினார்.

அப்பேர்ப்பட்டவரை ஒரு தொடர்கதை ஆட்டிப்படைத்தது. அதை எழுதிய பாவி நான்.

நான் அந்தப் பள்ளியில் ஆய்வக உதவியாளர். பிப்பெட்டும் பியூரெட்டும் கழுவி வைத்த நேரம் போக, செல்போனில் கதை எழுதுவேன். கதை படிப்பதற்கென்றே இருக்கும் ஒரு செயலியில், புனைபெயரில், வெள்ளிக்கிழமைதோறும் ஒரு அத்தியாயம். மலர் என்று ஒரு பெண், அவள் விரும்பும் கதிர், இருவருக்கும் நடுவில் மலரின் உயிர்த்தோழி ஜெசிமா. டீக்கடைச் சண்டை, பஸ் ஸ்டாண்டுக் குழப்பம், மாறிப்போன பார்சல் என்று சிரித்துக்கொண்டே படிக்கிற கதை. வாசகர்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெண்மணி வாரம் தவறாமல் எட்டு இதயப் படங்கள் போடுவார். துபாயிலிருந்து ஒருவர், கதிருக்கு நல்ல சட்டை வாங்கிக் கொடுங்கள் என்று எழுதினார். இன்னொருவர் எல்லா அத்தியாயத்துக்கும் 'அருமை' என்று போடுவார். நான் தவறுதலாக வெற்றுப் பக்கம் ஏற்றிவிட்ட வாரமும் போட்டார்.

மீட்டர் மாற்ற வந்த லைன்மேனிடம் என் கணவர் பெருமை தாங்காமல் விஷயத்தைச் சொல்லிவிட்டார். அன்றோடு போயிற்று என் நிம்மதி.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வாசலில் பைக் நின்றது. முகம் வெளிறிப்போய் லைன்மேன். ஏதோ துக்கச் செய்தி என்று நினைத்து ஈரக் கையோடு ஓடினேன். பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் எல்லாருமே அவருக்கு டீச்சர்தான்.

"டீச்சர், அந்தப் பய கதிரு பைக்ல மலர ஏத்திக்கிட்டுப் போறானே, ஹெல்மெட்டு போட்டிருக்கானா?"

நான் அதைப் பற்றி எழுதவில்லை என்றேன். எழுதவில்லை என்றால் போடவில்லை என்றுதானே அர்த்தம் என்று அவர் கவலைப்பட்டார். அடுத்த அத்தியாயத்தில் கதிருக்கு ஹெல்மெட் மாட்டினேன். அது நான் செய்த முதல் தப்பு.

அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு பயத்தோடு வந்து நின்றார். மழையில் மலர் மரத்தடியில் ஒதுங்கினால் இடி விழுமே என்று பயம். கதிர் மொட்டைமாடியில் நின்று போன் பேசினால், வீட்டுக்கு எத்தனை அடி தள்ளி மின்கம்பி போகிறது என்று கேட்பார். மூவரும் குன்றாண்டார்கோவில் குடைவரை பார்க்கப் போவதாக எழுதிய வாரம், வேலையோடு வேலையாக அங்கே போய்ப் பாறையைச் சுற்றிவிட்டு வந்து, மேலே தேன்கூடு எதுவும் இல்லை, தைரியமாகக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று எனக்கு அனுமதி கொடுத்தார். சிரிக்க வேண்டிய இடத்தில் அவர் சிரித்ததே இல்லை. "இவ்வளவு சந்தோசமா போவுதே, எனக்கு நல்லதாப் படலைங்க" என்பார்.

பயம் தொற்றிக்கொள்ளும் சரக்கு. கொஞ்ச நாளில் பைக் சத்தம் கேட்டால் நான் பின்கட்டுக்குப் போய் ஒளிய ஆரம்பித்தேன். மலர் மாடிப்படி இறங்குகிறாள் என்று ஒரு வரி எழுதிவிட்டு, கைப்பிடி இருக்கிறதா என்று யோசித்தேன். ஒரு காதல் காட்சி முழுவதையும் தரைத்தளத்தில், நிழலில், உட்கார்ந்த நிலையில் நடத்த வேண்டியதாயிற்று.

பதிமூன்றாவது அத்தியாயத்தில் மலரும் கதிரும் யாருக்கும் தெரியாமல் பதிவுத் திருமணம் செய்துகொள்ள முடிவெடுக்கிறார்கள். அவர்கள் பேசுவதை ஜெசிமா கேட்டுவிடுகிறாள். அத்தோடு 'தொடரும்' போட்டேன்.

மறுநாள் லைன்மேன் வந்தபோது வழக்கமான பதற்றம் இல்லை. குரல் ரொம்பத் தணிந்திருந்தது.

"அந்தப் புள்ள ஜெசிமா வெளிய சொல்லிருமா?"

வெள்ளிக்கிழமை தெரியும் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை கோழிக்கடையில் பார்த்தபோது அதையே கேட்டார். புதன்கிழமை ஆய்வகத்தில் டியூப் லைட் மாற்றிவிட்டு, ஏணியில் நின்றபடியே மறுபடி கேட்டார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. கதையை எழுதுவது நானா நீங்களா என்று கொஞ்சம் சூடாகவே கேட்டுவிட்டேன். அவர் ஏணியிலிருந்து இறங்கி, கழற்றிய பழைய டியூப் லைட்டைக் குழந்தையைத் தூக்குவதுபோல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வெளியே போனார்.

வெள்ளிக்கிழமை பதினான்காம் அத்தியாயம் வெளியானது. ஜெசிமா சொல்லிவிடுகிறாள். ஓடிப்போகிறவர்களை வழியில் யாராவது ஏதாவது செய்துவிடுவார்களோ என்று பயந்து, மலரின் அண்ணனிடம் போய்ச் சொல்லிவிடுகிறாள். வீடு பூட்டப்படுகிறது. மலர் உள்ளே, ஜெசிமா வெளியே.

சனிக்கிழமை பைக் வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. ஞாயிறும் வரவில்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் பியூஸ் போனபோது வேறு ஒருவர் வந்தார். லைன்மேன் எங்கே என்று கேட்டேன், லீவு என்றார். அவர் லீவு போட்டு எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை.

மதியம், குன்றாண்டார்கோவில் பக்கம் கம்பத்திலிருந்து ஒருவர் விழுந்துவிட்டதாகப் பேச்சு வந்தது. யார் என்று தெரியவில்லை. கழுவிக்கொண்டிருந்த பீக்கரை அப்படியே போட்டுவிட்டு லைன்மேனுக்குப் போன் செய்தேன். அவர் போனை எடுக்கவில்லை. அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவர் வீட்டுக்கு நடந்தேன். ஓடினேன் என்றே சொல்லலாம். மனம் கலங்கிப்போய் மேலே ஏறியிருப்பாரோ, ஏறும்போது என் கதையை நினைத்துக்கொண்டிருந்தாரோ என்று வழியெல்லாம் யோசித்தேன். சிரிக்க வைக்க எழுதிய கதையால் ஒரு மனிதரைக் கொன்றுவிட்டேனோ என்று நினைத்தபோது, வெயிலிலும் எனக்குக் குளிர்ந்தது.

வீட்டில் அவர் மனைவி நிதானமாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். விழுந்தது திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டிய ஆளாம். கால்தான் பிசகியதாம். அப்படியானால் இவர் எங்கே என்றேன். "கோட்டப்பட்டினம் போறேன்னு விடியக்காலை போனாரு டீச்சர். அங்கிட்டு எங்களுக்கு யாரும் இல்ல. கேட்டா, கூட்டாளியப் பாக்கணும்னாரு. அவருக்குக் கூட்டாளின்னு ஒருத்தர் இருக்கதே இன்னைக்குத்தான் எனக்குத் தெரியும்."

ஊர் திரும்பிய பிறகுதான் லைன்மேன் அந்தப் பழைய கதையை எனக்கும் மனைவிக்குமாகச் சொன்னார். இருபது வருடங்களுக்கு மேல் இருக்கும். செல்லையா என்று ஒரு நண்பன். ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். செல்லையா ஒரு பெண்ணை விரும்பினார். இருவரும் வெளியூர் போய்த் தாலி கட்டிக்கொள்ள இருந்ததை இவரிடம் மட்டும் சொன்னார். பெண் வீட்டார் ஆள் விட்டுத் துரத்துவார்கள், வெட்டிப்போட்டுவிடுவார்கள் என்று இவருக்கு மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. நான்காம் நாள் போய்ப் பெண்ணின் அண்ணனிடம் சொல்லிவிட்டார். ஒரு மாதத்துக்குள் அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று. செல்லையா ஊரை விட்டுப் போய்க் கடலோரக் கோட்டைப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனி வேலையில் சேர்ந்து, அங்கேயே குடும்பமாகிவிட்டார். அதன்பிறகு ஒரு வார்த்தை கிடையாது. என் கதையைப் படித்த வாரமெல்லாம் அந்த ஒரு காரியத்தை நினைத்துத்தான் அவர் திரும்பத் திரும்பப் பயந்துகொண்டிருந்திருக்கிறார்.

இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அன்று நான் அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தபோது என் போன் அடித்தது. லைன்மேன் நம்பர். எடுத்தால் பேசியது வேறு குரல்.

"டீச்சருங்களா? நான் செல்லையா. இவன் காலையில வந்தான். மன்னிப்புக் கேப்பான்னு பாத்தா, வாசல்ல நின்னுக்கிட்டு ஒங்க கதையப் படிக்க ஆரம்பிச்சுட்டான். போடான்னேன், போகலை. வலை பின்னிக்கிட்டு இருந்தவங்க எல்லாம் கூடிட்டாங்க. சத்தமாப் படிடாங்கிறாங்க."

பின்னால் ஒரு படகு எஞ்சின் தட்டித் தட்டி ஓடிக்கொண்டிருந்தது. பதினான்கு அத்தியாயமும் முடிந்துவிட்டதா என்று கேட்டேன். முடிந்துவிட்டது, வாய் வறண்டு போய் இப்போதுதான் தண்ணீர் குடிக்கிறான் என்றார். பிறகு கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்தப் புள்ள ஜெசிமா, கெட்ட எண்ணத்துல சொன்னுச்சா?"

எத்தனையோ வாசகர்கள் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். இது அந்த மாதிரிக் கேள்வி இல்லை. என் வாயில் அடுத்து வருகிற சொல் கதையில் மட்டும் நிற்காது என்று தெரிந்தது.

"இல்லைங்க. பயத்துல சொன்னா. மலருக்கு ஏதாவது ஆயிருமோங்கிற பயம்."

அவர் அங்கே யாரிடமோ எஞ்சினை நிறுத்தச் சொல்வது கேட்டது.

"மலரு ரொம்ப நாள் பேச மாட்டா. அது நியாயம்தான்," என்றார் செல்லையா. "ஆனா ஜெசிமா வந்து நின்னா வெளிய போன்னு சொல்லிர மாட்டா. வர்ற வெள்ளிக்கிழமை அந்தப் புள்ளைய அனுப்பிவிடுங்க."

அன்று சாயங்காலம் லைன்மேன் ஊர் திரும்பவில்லை. மறுநாளும் திரும்பவில்லை. புதன்கிழமை வந்தவர், வெயிலில் கறுத்து, ஒரு பை நிறையக் கருவாட்டோடு வந்தார். செல்லையா பேசினாரா என்று கேட்டேன். பெரிதாக ஒன்றும் பேசவில்லை, இரண்டு நாளும் பக்கத்தில் உட்கார வைத்துச் சோறு போட்டான் என்றார். போகும்போது, கதையில் எதையும் எனக்காக மாற்ற வேண்டாம் டீச்சர் என்று சொல்லிவிட்டு, பைக்கை நகர்த்தினார். நாலடி போய் நின்று, வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு வரும் என்று மட்டும் கேட்டார்.

ஜெசிமாவை மலர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். கதவு திறக்குமா என்று வாசகர்களை ஒரு வாரம் தவிக்க விட்டிருக்கலாம். எந்தக் கதைக்காரியும் அதைத்தான் செய்வாள். எங்கோ ஒரு கம்பத்தடியில் ஒருவர் போனைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் நிற்பார் என்று தெரிந்ததால், முதல் வரியிலேயே கதவைத் திறந்துவிட்டேன்.