கண்காணிப்பாளரின் கார் கத்துகிறது

அலுவலகத் தெருவின் முனையில் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்ததும் கார் மறுபடியும் கத்தியது. சாதாரணக் கத்தல் இல்லை. "கீ...ச்" என்று காதுக்குள் ஊசி விடுகிற கத்தல். நடைபாதையில் போன ஒரு பெண்மணி கைக்குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டார். பத்திரிகைக் கடைக்காரர் தலையை வெளியே நீட்டி, இவர்தான் என்று தெரிந்ததும் உள்ளே இழுத்துக்கொண்டார்.

கண்காணிப்பாளரின் மானம் கப்பலேறியது. இந்த வாரத்தில் மட்டும் ஒன்பதாவது தடவை.

கட்டட வரைபடங்களுக்கு அனுமதி கொடுக்கிற அலுவலகத்தில் அவர் கண்காணிப்பாளர். காருக்குப் பத்தொன்பது வயது. அதைத் தள்ளிவிட்டு வேறு வாங்கலாமே என்று நீங்கள் சொல்வீர்கள். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். அவருடைய இடது முழங்காலில் ஒரு தகடும் நான்கு திருகாணிகளும் இருந்தன. கிளட்ச் மிதிக்க முடியாது. கையிலிருக்கிற காசுக்கு வந்த ஒரே ஆட்டோமேட்டிக் இதுதான். பஸ்ஸில் போகலாமென்றால் இரண்டு பஸ் மாறி, நடுவில் ஒரு மேம்பாலத்தின் அறுபத்திரண்டு படிகள் ஏற வேண்டும். ஆக, கார் போனால் வேலையும் போகும். ஓய்வுபெற இன்னும் மூன்று வருடம் இருந்தது.

வாசலில் காவலாளி ஓடி வந்து கதவைத் திறந்தார்.

"இன்னிக்கு எப்படிப்பா கேட்டுது?"

"அருமையா கேட்டுது சார்! முனை திரும்பறதுக்கு முன்னாடியே வந்துடுச்சு."

"அருமையாவா?"

"இல்ல சார்... அதாவது, தெளிவா."

அன்று சாயங்காலமே காரை மெக்கானிக்கிடம் ஓட்டிப்போனார். போகிற வழியெல்லாம் அது கத்தியது. பட்டறை கண்ணில் பட்டதும், மெக்கானிக்குக்குச் சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டுமே என்ற நல்லெண்ணத்தில், ரேடியோவை நிறுத்தினார். ஏசியையும் நிறுத்தினார். எதையும் ஒழுங்காகச் செய்கிற மனிதர் அவர்.

கார் பூனை மாதிரி பட்டறைக்குள் நுழைந்தது.

"சத்தம் எங்க சார்?" என்றார் மெக்கானிக்.

"இப்பதான்... இப்ப வரைக்கும் கத்திச்சுங்க!"

மெக்கானிக் ஓட்டிப் பார்த்தார். இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். பின்னால் போனார். சத்தம் மூச்சுவிடவில்லை.

"சத்தம் வர்றப்போ கூட்டிட்டு வாங்க சார்."

"வர்றப்போதானேய்யா வந்தேன்!"

"இப்ப வரலையே. இல்லாத சத்தத்தை நான் எப்படிக் கழட்டுவேன்?"

பட்டறையை விட்டு வெளியே வந்து, வேர்க்கிறதே என்று ஏசியைப் போட்டு, முதல் வளைவில் திரும்பினார். "கீ...ச்." கண்காணிப்பாளர் காரை நிறுத்தி, ஸ்டீயரிங் மேல் தலையை வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"நீங்க வந்துட்டீங்கன்னு எனக்கு நாலு நிமிஷம் முன்னாடியே தெரியும். எதிர்வீட்டுக்கும் தெரியும். அவங்க எதிர்வீட்டுக்கும் தெரியும். என்னங்க, போதுங்க. விருப்ப ஓய்வு எழுதிக் குடுத்துட்டு வீட்டுல இருங்க."

"எழுதிக் குடுத்துட்டு?"

"காலுக்கு ஒத்தடம் குடுத்துட்டு நிம்மதியா இருங்க. வண்டியை உடைச்சு எடுக்கற ஆள் ஒருத்தரை என் தம்பி பார்த்து வச்சிருக்கான். ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வர்றான்."

"யாரைக் கேட்டு?"

"அந்தச் சத்தத்தைக் கேட்டுதான்."

கண்காணிப்பாளருக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "நான் போகலேன்னா அங்க ஒரு வேலை நடக்குமா? முழங்கால் பயிற்சி முடிச்சுட்டுப் பத்து மணிக்குத்தான் போறேன். அவங்க ஒன்பதுக்கே வந்துடுவாங்க, நான் நுழையறப்போ ஒருத்தர்கூடத் தலை நிமிர மாட்டாங்க. அத்தனை பேரும் வரைபடத்துக்குள்ள முகத்தைப் புதைச்சுட்டு இருப்பாங்க. அப்படி ஆளுங்களை விட்டுட்டு வந்து நான் ஒத்தடம் குடுத்துட்டு உட்காரணுமா?"

"ஞாயித்துக்கிழமைக்குள்ள சத்தம் நின்னா வண்டி இருக்கும். இல்லேன்னா வண்டி போகும், அதோட ஓய்வு மனுவும் போகும்" என்றாள் மனைவி. மனுவை அவள் ஏற்கெனவே அச்செடுத்து வைத்திருந்தாள். கையெழுத்துப் போடுகிற இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி வேறு.

மறுநாள் அலுவலகத்தில் விஷயத்தைச் சொன்னார். சொல்லியிருக்க வேண்டியதில்லை, ஆனால் மனசு தாங்கவில்லை. மேஜையைச் சுற்றி எல்லோரும் கூடிவிட்டார்கள்.

"வண்டியை விக்கறதா? ஐயோ சார், அது மட்டும் வேண்டாம்!" என்றார் தலைமை எழுத்தர். குரல் உண்மையிலேயே நடுங்கியது.

"வேற வண்டி வாங்கிட்டீங்கன்னா..." என்று ஆரம்பித்த பதிவறைக்காரர் மேற்கொண்டு பேச முடியாமல் நிறுத்திக்கொண்டார்.

தபால் பிரிவு அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அந்தச் சத்தம் எங்களுக்குப் பழகிடுச்சு சார். ஒரு தொந்தரவும் இல்ல. நீங்க அதை நினைச்சு சங்கடப்படவே படாதீங்க."

கண்காணிப்பாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பதினோரு வருடம் இவர்களை அதட்டி உருட்டியிருக்கிறார். ஒரு நாள் தாமதத்துக்குக்கூட விளக்கம் கேட்டு ஓலை கொடுத்திருக்கிறார். அப்படியும் இவ்வளவு பாசமா என்று உருகிப்போனார்.

"பாசம் இருக்கட்டும். எங்க வீட்டம்மா ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான் கெடு குடுத்திருக்கா. சத்தம் நின்னே ஆகணும்" என்றார்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப பட்டறைக்கெல்லாம் போகாதீங்க சார். ஆட்டோமேட்டிக் வண்டியைக் கழட்டினா திருப்பி மாட்டத் தெரியாது அவனுங்களுக்கு" என்றார் பதிவறைக்காரர். "நாங்க இருக்கோம்ல."

அன்று மதியமே பதிவறைக்காரர் காரின் முன்மூடியைத் திறந்து, உள்ளே சுற்றுகிற பெல்ட் மேல் தையல் மெஷின் எண்ணெயைத் தாராளமாக ஊற்றினார். "கீச்சுன்னு கத்தினா எண்ணெய் கேட்குதுன்னு அர்த்தம் சார். எங்க வீட்டுக் கதவுக்கும் இதுதான்."

கதவு வேறு, கார் வேறு. அன்று மாலை அந்தச் சத்தம் ஊசியிலிருந்து ரம்பமாக மாறியது. கூடவே ஒரு கருகல் வாடையும் வந்தது.

மறுநாள் காலை காவலாளி சல்யூட் அடித்தார். "சார்! கடைத்தெருவுலேருந்தே கேட்டுது சார்!"

"சந்தோஷமா உனக்கு?"

"சேச்சே, வருத்தம்தான் சார்."

அடுத்தது தபால் பிரிவு அம்மா. எண்ணெய்ப் பிசுக்கு போக முகப்பவுடர் போட்டால் சரியாகிவிடும் என்று ஒரு டப்பா முழுவதையும் பெல்ட் மேல் கொட்டினார். கண்காணிப்பாளர் வண்டியைக் கிளப்பியதும் முன்மூடிக்குள்ளிருந்து ஒரு வெள்ளை மேகம் எழும்பி அவர் சட்டை, மூக்குக் கண்ணாடி, மீசை எல்லாவற்றிலும் இறங்கியது. சத்தமோ இப்போது இரண்டு குரலில் வந்தது. ஒன்று கீச்சென்றது, மற்றது முனகியது.

வெள்ளிக்கிழமை தலைமை எழுத்தர் களத்தில் இறங்கினார். "ஸ்டீயரிங்கை ஒரு பக்கமா முழுசா ஒடிச்சு, அப்படியே அஞ்சு நிமிஷம் பிடிச்சுக்குங்க சார். கத்தி ஓய்ஞ்சுடும்."

நியாயமாகத்தான் பட்டது. கண்காணிப்பாளர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒடித்துப் பிடித்தார். கார் கத்தியது, கத்தியது, கத்திக்கொண்டே இருந்தது. மூன்றாவது நிமிடத்தில் பக்கத்துக் கட்டடத்திலிருந்து பல் டாக்டர் கையுறையோடு ஓடி வந்தார்.

"சார், தயவுசெஞ்சு நிறுத்துங்க! காத்துட்டிருந்த ரெண்டு பேஷன்ட் எழுந்து ஓடிட்டாங்க. உள்ள நான்தான் யாரையோ ஏதோ பண்றேன்னு நினைச்சுட்டாங்க!"

கண்காணிப்பாளர் தலையில் அடித்துக்கொண்டார். அவர்கள் மேல் கோபப்படவும் மனசு வரவில்லை. வெயிலில் நின்று, கையில் எண்ணெயும் பவுடருமாக, தனக்காக எவ்வளவு பாடுபடுகிறார்கள்!

சனிக்கிழமை காலை வேறு வழியில்லாமல் மறுபடி பட்டறைக்குக் கிளம்பினார். மனைவியும் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"நீ எதுக்கு?"

"இந்தத் தடவையும் சத்தம் வரலேன்னு வந்து சொல்வீங்க. சாட்சிக்கு."

பட்டறை கண்ணில் பட்டதும் அவர் வழக்கம்போல ரேடியோவை நிறுத்தி, ஏசியை நிறுத்தினார். கார் வாயை மூடிக்கொண்டது. மெக்கானிக் கைகட்டி நின்று பார்த்தார். கண்காணிப்பாளருக்கு அழுகையே வந்துவிட்டது.

"சத்தியமா சொல்றேங்க, வர்ற வழியெல்லாம்..."

"அட, வேர்த்து ஊத்துது, அதைப் போட்டுட்டுப் பேசுங்களேன்" என்று மனைவி கையை நீட்டி ஏசியைத் தட்டினாள்.

"கீ...ச்!"

பட்டறையில் ஒரு ஸ்பானர் கீழே விழுந்தது. மெக்கானிக் முன்மூடியைத் திறந்து, பெல்ட் மேல் ஒரு கை தண்ணீர் தெளித்தார். சத்தம் நின்றது. பத்து எண்ணுவதற்குள் மறுபடி வந்தது.

"பெல்ட் சார். லூசாகி வழுக்குது. ஏசி போட்டா பாரம் தாங்காம கத்துது. என்கிட்ட வர்றப்போ ஏசியை அணைச்சுட்டு வந்தா நான் என்னத்தைக் கண்டுபிடிக்கறது?"

மனைவி கணவனைப் பார்த்தாள், அவ்வளவுதான். பேசியிருந்தாலே தேவலை.

மெக்கானிக் விரலால் பெல்ட்டைத் தடவி மோந்து பார்த்தார். "இதுல எண்ணெய் ஊத்தினது யாரு? மேல பவுடர் வேற. சும்மா இருந்த சத்தத்தை உரம் போட்டு வளர்த்த மாதிரி இருக்கே!"

"எல்லாம் என் ஆபீஸ் பிள்ளைங்க. பாவம், பாசத்துல செஞ்சது."

அரைமணி நேரத்தில் புது பெல்ட் மாட்டி, இறுக்கம் சரிபார்த்துக் கொடுத்துவிட்டார். கார் எலி ஓடுகிற சத்தம்கூட இல்லாமல் ஓடியது. ஏசி போட்டார்கள், ஒடித்தார்கள், வட்டமடித்தார்கள், ஊகூம். மனைவி நாலைந்து தெரு வரை காதைத் தீட்டிக்கொண்டு வந்தாள். பிறகு கைப்பேசியை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டு, "நாளைக்கு அந்த ஆளைக் கூட்டிட்டு வராதேடா" என்றாள். வீட்டுக்கு வந்ததும் மனுவை நாலாகக் கிழித்தாள். கண்காணிப்பாளரின் உச்சி குளிர்ந்தது.

திங்கட்கிழமை காலை அவர் தனியாகச் சிரித்துக்கொண்டே ஓட்டினார். மூன்று வருடம் கைக்கு வந்துவிட்டது. அதைவிட, அவர்கள் முகத்தில் வரப்போகிற மகிழ்ச்சியைப் பார்க்க வேண்டும். வண்டியை விற்கவில்லை, சத்தமும் இல்லை என்றால் துள்ளிக் குதிப்பார்களே!

தெரு முனையில் திரும்பினார். கார் சத்தமில்லாமல் வளைந்தது. பத்திரிகைக் கடைக்காரர் தலை நீட்டவில்லை. காவலாளி நாற்காலியில் சாய்ந்து, முகத்தில் தொப்பியைக் கவிழ்த்து நல்ல தூக்கத்தில் இருந்தார். பாவம், இரவெல்லாம் விழித்திருந்திருப்பார் என்று கண்காணிப்பாளர் அவரை எழுப்பவில்லை.

வழக்கமாகப் போகிற பக்கவாட்டுக் கதவை விட்டுவிட்டு, திடீரென்று முன்னால் போய் நிற்கலாம் என்று பொதுமக்கள் வருகிற கூடத்து வழியாக நுழைந்தார்.

கூடத்தில் சுருட்டிய வரைபடங்களோடு பதினைந்து பேர் காத்திருந்தார்கள். கவுண்டர்களுக்குப் பின்னால் நாற்காலிகள் இருந்தன. நாற்காலிகளில் ஆள் இல்லை. பதிவறைக்குள்ளிருந்து கேரம் காய்கள் மோதுகிற ஓசை வந்தது. "சிவப்பு விழுந்துடுச்சு, சிவப்பு விழுந்துடுச்சு!" என்று தலைமை எழுத்தர் கூவினார். தபால் பிரிவு அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

கண்காணிப்பாளர் கூடத்தின் நடுவில் சிலையாக நின்றார். மூச்சு வாங்கியது, முழங்கால் வலித்தது.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தன் பையை எடுத்து மடியில் வைத்து இடம் விட்டார்.

"புதுசா வந்திருக்கீங்களாண்ணே? இப்படி உட்காருங்க, இப்போதைக்கு ஒருத்தரும் வர மாட்டாங்க. அவங்க மேலதிகாரி கார் தெரு முனையில கீச்சுன்னு கத்தினாத்தான் எல்லாரும் சீட்டுக்கு ஓடி வருவாங்க, இன்னிக்கு என்னமோ அந்தப் பாழாப்போன காரை இன்னும் காணோம்!"