மாட்டு டாக்டரின் பைக்குள் என்ன இருந்தது

ஸ்ரீவில்லிபுத்தூர்

என் மரியாதைக்குரிய சங்கிலிப்பாண்டி மாமாவுக்கு,

உங்கள் தங்கை மகன் விஜயபாண்டி எழுதுவது. இங்கே அம்மாவைத் தவிர எல்லோரும் நலம். அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. என்னோடு பேசுவதில்லை, அவ்வளவுதான். வ. புதுப்பட்டியில் அத்தையும், நெல் அறுப்பும், உங்கள் முழங்காலும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

போனில் சொல்லலாம்தான். ஆனால் நீங்கள் பாதியில் வைத்துவிடுவீர்கள்.

மம்சாபுரத்தில் பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அப்பாவான உங்கள் சேக்காளி தனுஷ்கோடி ஏட்டையாவை நான் அவமதித்துவிட்டதாக அம்மா சொல்லியிருப்பாள். உண்மை. அது எப்படி நடந்தது என்பதைச் சொல்ல, என் நகைச்சுவை ரசனையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடி வாங்கி உருளும் காமெடி எனக்குப் பிடிக்காது. நிறத்தையும் பல்லையும் கேலி செய்வது, அறவே. டிவி நிகழ்ச்சிகளில் பின்னால் சிரிப்புச் சத்தம் போடுகிறார்களே, அது ஏற்கெனவே யாரோ சாப்பிட்டுவிட்டுப் போன இலை. எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. அதன் பெயர் எனக்குத் தெரியாது.

காலையில் ராஜபாளையத்துக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் அது ஓடுகிறது. ஏதோ ஒரு நாடகக் குழு எடுத்த வீடியோ. மறுவீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை, அடியில் ஒட்டியிருக்கும் பாயசத்துக்காகப் பித்தளைத் தவலைக்குள் தலையை விடுகிறார், தலை திரும்பி வரவில்லை, மாமியார் நல்லெண்ணெய் ஊற்றுகிறார், பக்கத்து வீட்டார் காலைப் பிடித்து இழுக்கிறார்கள், ஆசாரி சுத்தியலோடு வருகிறார், வருகிறவர்களுக்கெல்லாம் மாப்பிள்ளை தவலைக்குள் இருந்தபடியே வணக்கம் சொல்லி நலம் விசாரிக்கிறார், அந்த மரியாதைதான் மாமா என்னைக் கொல்கிறது, கடைசியில் மாட்டு டாக்டர் வந்து தவலையை ஒரு சுற்று சுற்றித் தட்டிப் பார்த்து, ‘இதுக்கு ஒரே வழிதான் இருக்கு’ என்று பைக்குள் கையை விடுகிறார்.

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு.

கண்டக்டர் எட்வின் டிவியை அணைத்துவிடுவார். ஸ்டாண்டுக்குள் டிவி ஓடக் கூடாது என்பது ஓனர் உத்தரவு. அணைத்துவிட்டுப் போட்டால் பென்டிரைவ் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மாப்பிள்ளை மறுபடி தலையை விடுவார். இரண்டு வருடமாக இப்படி.

எட்வினிடம் கேட்டேன்.

“எனக்கும் தெரியாது சார். நான் எங்க பாத்தேன்? ‘இறங்கு, இறங்கு’ன்னு கத்தவே சரியா இருக்கு.”

யூடியூபில் பெயர் தெரியாமல் எதைத் தேடுவது? பிறகு என்னையே தேற்றிக்கொண்டேன். நல்ல நகைச்சுவைக்கு முடிவு தேவையில்லை. எம்.ஏ. படிக்கும்போது இதைப் பற்றிக் கட்டுரையே வாசித்திருக்கிறேன். பேராசிரியர் பாதியில் எழுந்து போய்விட்டார். அதையும் ஓர் ஒப்புதலாகவே எடுத்துக்கொண்டேன்.

இனி மம்சாபுரம்.

ஏட்டையா நடு நாற்காலியில். எதிரே நானும் அம்மாவும். அவர் தலைக்குப் பின்னால் டிவி, உள்ளூர் கேபிள். அதில் தவலை.

முதலில் நான் சமாளித்தேன். எண்ணெய் ஊற்றும்போது படிப்பைக் கேட்டார், சொன்னேன். ஆசாரி வரும்போது ஊரைக் கேட்டார், சொன்னேன். மாட்டு டாக்டர் தவலையைத் தட்டினார். இங்கே ராஜபாளையம் கிடையாது, எட்வின் கிடையாது, இன்றைக்கு முடிவு தெரிந்துவிடும்.

“தம்பிக்கு வேலை நிரந்தரந்தானா?” என்றார் ஏட்டையா.

“செத்த நேரம் பேசாம இருங்க” என்றேன்.

முப்பது வருடம் போலீஸ் ஸ்டேஷனில் பிறரைப் பேசாமல் இருக்கச் சொன்னவர் அவர். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். “ஏலே, மானத்த வாங்காதலே.” டாக்டர் பைக்குள் கையை விட்டார்.

கரண்ட் போய்விட்டது.

“அய்யோ!” என்றேன். அதே நேரம் கதவோரத்திலிருந்தும் ஒரு “அய்யோ!” காபித் தட்டோடு ஆனந்தவல்லி.

“இந்த டாக்டர் எப்ப வந்தாரு?” என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். “நான் பஸ்ஸுல நம்ம ஊரு விலக்கு ரோட்டுலயே இறங்கிருவேன். எண்ணெயோட சரி.”

அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். நான் காலையில் போகும் அதே பஸ்ஸில் மாலையில் வீடு திரும்புகிறாள். என்னைவிடவும் குறைவாகப் பார்த்தவள்.

“ஏட்டி, உள்ள போ” என்றார் ஏட்டையா. பிறகு எங்களிடம், “பொறவு சொல்லி அனுப்புதோம்.”

அப்படி என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும். ஆனால் எனக்கு ஆனந்தவல்லியைப் பிடித்திருக்கிறது மாமா. அறிமுகமில்லாத ஒருவனிடம் ஒரு பெண் கேட்கக்கூடிய முதல் கேள்விகளில் அதைவிட நல்லதை என்னால் யோசிக்க முடியவில்லை.

ஆகவே நீங்கள் ஒரு நடை மம்சாபுரம் போய், என் சார்பில் மன்னிப்புக் கேட்டு, பேச்சை மறுபடி தொடங்க வேண்டும். நீங்கள் சொன்னால் அவர் கேட்பார். நான் அவரை அவமதிக்க நினைக்கவில்லை. நான் ஒரு தவலைக்குள் இருந்தேன், அவ்வளவுதான். உள்ளிருந்தபடி வணக்கம் சொல்லத் தவறிவிட்டேன்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் ஆசி எனக்கு எப்போதும் வேண்டும். இந்த வாரம் கூடுதலாக.

தங்கள் மருமகன்,
விஜயபாண்டி

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்கப் போக வேண்டாம். இன்று காலை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏட்டையா எங்கள் பஸ்ஸில் ஏறினார். என் பக்கத்து இருக்கை மட்டும் காலி. உட்கார்ந்தார். டிவியில் எண்ணெய் ஊற்றினார்கள். எட்வின், “மம்சாபுரம் விலக்கு, இறங்கு, இறங்கு” என்று கத்தினார். ஏட்டையா இறங்கவில்லை. ஆசாரி வந்தார். டாக்டர் வந்தார். பைக்குள் கை. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு. டிவி அணைந்தது.

ஏட்டையா கறுத்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“பொறவு என்ன ஆச்சு மாப்ளே?”

“தெரியாது மாமா.”

“தெரியாமயா என்னையப் பேசாதன்னீங்க?”

“தெரியாததுனாலதான் மாமா.”

வரும் ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார், உங்களையும் சேர்த்து. முடிவு தேவையில்லை என்று மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். ஆனந்தவல்லி எட்வினிடம் கேட்டு அந்தப் பென்டிரைவுக்கு ஒரு நகல் வாங்கி வைத்திருக்கிறாளாம். இன்னும் போட்டுப் பார்க்கவில்லையாம்.