மூக்கால் கதைக்கும் மைக்

வீட்டில் குரல் பதிகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. வீட்டில் மைக் பார்க்கிறவர்கள் என்று இன்னோர் இனமும் உண்டு. இந்த இரண்டாவது இனத்தார் வாழ்நாளில் எதையும் பதியமாட்டார்கள். கல்முனையில் இவர்களுக்குத் தலைவர் இன்பாஸ்.

விலை குறைவாக, ஆனால் ஸ்டூடியோத் தரத்தில் ஒரு மைக் வேண்டும். அவருடைய ஆசை அவ்வளவுதான். அதற்காக நிந்தவூரிலும் சாய்ந்தமருதிலும் இரவல் வாங்கி, ஜன்னலுக்குத் தலையணை கொடுத்து, கதவில் மருதமுனைக் கைத்தறிச் சாரன்களைத் தொங்கவிட்டு, ஓடுகிற ஃபேனையும் நிறுத்தி, வியர்க்க வியர்க்கக் குந்தியிருந்து, "பொத்துவில் பாலத்தடியில் பப்பாப்பழம்" என்பார். 'ப' வெடிக்கிறதா என்று பார்க்கத்தான். பிறகு ஹெட்செட்டை மாட்டிக் கண்ணை மூடுவார். தெருவில் போகும் மீன்காரரின் ஹோன் கேட்டால் மைக்குக்குக் காது பெரிது. கேட்காவிட்டால் மைக் செவிடு. எப்படியும் தீர்ப்பு ஒன்றுதான். "சரிவராது." எந்த மைக்காவது அவரிடம் தப்பியிருக்கிறதா?

இதில் அகப்பட்டவர் அவருடைய மனைவி நிப்லா. அவர் எழுதிய நண்டுக் கதையை வானொலிச் சிறுவர் நிகழ்ச்சிக்கு எடுத்திருந்தார்கள். அவருடைய முதல் கதை. சொந்தக் குரலில் பதிந்து வெள்ளிக்கிழமைக்கு முன் அனுப்ப வேண்டும்.

"போன்ல பதிஞ்சா என்ன?"

"போன்லயா? நம்மட வீட்டுலரிந்தா? சனம் சிரிக்கும். நல்ல மைக் ஒண்டு வரட்டும்."

வியாழக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு ஒலுவிலிலிருந்து ஒரு மைக் வந்தது.

"நிப்லா, இஞ்ச வந்து என்னயாவது கதைங்க. டெஸ்ட்டுக்குத்தான்."

நிப்லாவுக்கு அழுகை முட்டியது. இருந்தாலும் உட்கார்ந்து, தன் கதையையே முதலிலிருந்து சொன்னார். சொல்லச் சொல்ல அழுகை போய்விட்டது. கடைசியில் வீடிழந்த நண்டு ஆமையிடம் கேட்கிறது: "நானும் உங்கட வீட்டுல இரிக்கட்டா?" கதை அத்தோடு முடிகிறது, பதிலை, கதை கேட்கிற பிள்ளைகள்தான் சொல்ல வேண்டும்.

"சரிவராது!" என்றார் இன்பாஸ். "மூக்கால கதைக்கிது."

அவர் மஃரிப் தொழப் பள்ளிக்குப் போன நேரம் நிப்லா அந்தப் பதிவைப் போட்டுக் கேட்காமலே அனுப்பிவிட்டார்.

மறுவாரம் இருவரும் வானொலிக்கு முன்னால் இருந்தார்கள். நண்டு தன் கடைசிக் கேள்வியைக் கேட்டது. உடனே வானொலி முழங்கியது: "சரிவராது! மூக்கால கதைக்கிது."

நிப்லா வாயைப் பொத்திக்கொண்டார். எல்லாம் போயிற்று என்றே நினைத்தார். ஆனால் அறிவிப்பாளர் சிரிப்பை அடக்க முடியாமல், "ஆமை மாமாவாக நடித்தவர் பிரமாதம். அடுத்த கதையிலும் அவரைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றார். நிப்லா கண்ணீர் வரச் சிரித்தார்.

இன்பாஸ் சிரிக்கவில்லை. "இது எந்த மைக்?"

"நீங்க சரிவராதெண்டு திருப்பிக் குடுத்ததுதான்."

வானொலியை ஒரு தட்டுத் தட்டினார். "அப்ப ரேடியோவுலதான் பிழ இரிக்கி. நல்ல ரேடியோ ஒண்டு பாக்கணும்."

சிரிக்கிறீர்கள். சரி, நண்டு என்ன கேட்டது? மேலே பார்க்காமல் சொல்லுங்கள். அது ஞாபகமில்லை, ஆனால் அது என்ன மைக், என்ன விலை என்று கேட்கத்தான் நாக்குத் துடிக்கிறது என்றால், நேரே இன்பாஸ் வீட்டுக்குப் போங்கள். உங்களுக்கும் ஒரு கதிரை போடுவார். ஃபேன் ஓடாது, வியர்வை துடைக்க ஒரு துவாய் கொண்டுபோங்கள்.