ஓடிபி கேட்ட சைக்கிள்

தருமபுரியில் கலெக்டரைத் தெரியாதவர்கள் உண்டு. ஓடிபி அண்ணனைத் தெரியாதவர் ஒருவர்கூட இல்லை. அப்படி ஒருவர் இருந்தால், அவர் இன்று காலை ரயிலில்தான் ஊருக்குள் வந்து இறங்கியிருக்க வேண்டும்.

அண்ணன் ஓட்டுவது சைக்கிள் டாக்ஸி. மோட்டார் பைக்கில் ஆள் ஏற்றினால் அது பைக் டாக்ஸி என்றால், கேரியரில் மெத்தை கட்டிய தன் சைக்கிளும் டாக்ஸிதான் என்பது அவர் கட்சி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற சந்துகளில் ஆட்டோ நுழையாது; நுழைந்தால் திரும்பாது. போனில் வரவழைக்கிற பைக்கோ, நாம் நிற்கிற சந்தைத் தேடி அடுத்த தெருவில் நாலு சுற்று சுற்றிவிட்டு, கேன்சல் செய்துவிட்டுப் போய்விடும். காய்கறிப் பையோடு வெயிலில் நிற்கிறவர்களுக்கு அண்ணன்தான் கதி.

ஆனால் ஏறி உட்கார்ந்தவுடன் வண்டி கிளம்பிவிடாது.

“ஓடிபி சொல்லுங்க சார்.”

முதல் நாள் நான் திகைத்துப்போய், “எனக்கு எந்த மெசேஜும் வரலையேங்க” என்றேன்.

“மெசேஜ் எதுக்குங்க? நாலு நம்பர் சொல்லுங்க, போதும். பைக்குக்காரங்க எல்லாம் கேக்கறாங்க. நாம கேக்காம ஏத்தனா தொழிலுக்கு ஒரு மரியாத வேணாமுங்களா?”

வாய்க்கு வந்தபடி ஏழு, மூணு, சைபர், ஒண்ணு என்றேன். வண்டி நகர்ந்தது. மறுநாள் மறந்துபோய் வேறு நாலு எண்ணைச் சொன்னேன். அண்ணன் காலை ஊன்றிவிட்டார். “அது நீங்க இல்லீங்க.” ஒருமுறை சொன்ன எண் ஆயுசுக்கும் நம்முடையது. அதுதான் அவருடைய சட்டம்.

இப்படிப் பாதி ஊரின் எண்கள் அவர் மண்டைக்குள் இருந்தன. முகம்தான் ஒன்றுகூட நிற்காது. ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து, “நல்லா இருக்கீங்களாண்ணா?” என்று விசாரித்தேன். அப்பளம் திருட வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “ஏழு மூணு சைபர் ஒண்ணு” என்றேன். “அட, சார் நீங்களா!” என்று, கை படாமல் வைத்திருந்த ஜாங்கிரியை என் இலைக்குத் தள்ளிவிட்டார்.

இன்னொரு சட்டமும் உண்டு. மேடு வந்தால், “எறங்குங்க.” அவர் சைக்கிளைத் தள்ளுவார், நாம் கூடவே நடக்க வேண்டும். எங்கள் தெருவுக்குப் போக இரண்டு மேடு. டாக்ஸியில் போய் வந்தே தொப்பை குறைந்த ஆள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

என் அப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பாப்பாரப்பட்டி ரூட்டில் ஒரே வண்டியை வருடக்கணக்கில் ஓட்டியவர். அண்ணன் ஓடிபி கேட்டபோது அந்த பஸ்ஸின் நம்பரைத்தான் சொன்னார்: நாலு ஆறு ரெண்டு ஒம்போது. அதன் பிறகு கேரியரில் உட்கார்ந்து அவர் போடும் உத்தரவு தெருவுக்கே கேட்கும்.

“வளைவுல ஹாரன் அடிடா!”

அண்ணன் பெல் அடிப்பார்.

“கியர மாத்து!”

“இதுல கியர் இல்லீங்க.”

“அப்பறம் எவன்டா இதுக்கு எஃப்சி குடுத்தான்?”

போன வருடத்திலிருந்து அப்பாவுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்தது. என்னைத் தன் கண்டக்டர் என்று நினைத்து, “டிக்கெட் எல்லாம் போட்டாச்சா?” என்பார். “போட்டாச்சுங்க” என்பேன். வீட்டில் சண்டை சச்சரவு இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம், என் மனைவி மாடியில் துணி உலர்த்திவிட்டு இறங்கி வருவதற்குள் ஆளைக் காணவில்லை.

ஆபீசிலிருந்து ஓடி வந்தேன். பஸ் ஸ்டாண்டில் நின்ற ஒவ்வொரு பஸ்ஸிலும் டிரைவர் சீட்டை எட்டிப் பார்த்தேன். தெருக்காரர்கள் ஆளுக்கொரு திசையில் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். பைபாஸில் பறக்கிற லாரிகளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. மூன்று மணி நேரம் ஆகியும் தகவல் இல்லை. போலீசில் கொடுக்க அப்பாவின் போட்டோவை எடுத்துக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்தேன்.

அப்போதுதான் மேட்டில் அந்த ஊர்வலம் தெரிந்தது. கேரியரில் அப்பா கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்து, நாக்குத் தள்ள, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார் அண்ணன்.

“ஃபர்ஸ்ட் கியர் போடுடா!”

“போட்டாச்சுங்க, போட்டாச்சு.”

பைபாஸ் ஓரத்து டீக்கடையில் அப்பா நின்றிருக்கிறார். பேரைக் கேட்டாலும், தெருவைக் கேட்டாலும், “டூட்டிக்கு நேரமாச்சு” என்பது ஒன்றுதான் பதில். யாரையோ இறக்கிவிட அந்தப் பக்கம் போன அண்ணனுக்கும் அவர் யாரென்று தெரியவில்லை. சவாரிக்கு நிற்கிறார் என்று நினைத்து, வழக்கம்போல ஓடிபி கேட்டிருக்கிறார்.

“டக்குனு சொன்னாருங்க, நாலு ஆறு ரெண்டு ஒம்போதுன்னு. அட, நம்ம சார் வூட்டு நம்பராச்சேன்னு கூட்டியாந்துட்டேன்.”

“மேட்டுல எறக்கலையாண்ணா?”

“எறக்குனா எந்தப் பக்கம் நடந்துருவாரோன்னு பயமா இருந்துச்சுங்க. தள்ளிட்டே வந்துட்டேன்.”

நடுத்தெருவில் நின்று அழுதேன். அப்பா என்னைத் தட்டி, “கண்டக்டர், இவனுக்கு ஒரு டீ சொல்லு. நல்லாத்தான் ஓட்டறான்” என்றார். அண்ணன் வெட்கப்பட்டுக்கொண்டு, காரணமே இல்லாமல் இரண்டு தடவை பெல் அடித்தார்.

மறுநாள் காலை ஆபீசுக்குக் கிளம்பிக் கேரியரில் உட்கார்ந்தேன். எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அண்ணன் ஓடிபி கேட்டார். “நாலு ஆறு ரெண்டு ஒம்போது” என்றேன்.

காலை ஊன்றிவிட்டார். “அது அப்பாவுதுங்க. அவருக்கு வேணும். உங்களுது சொல்லுங்க.”

சொன்னேன். சைக்கிள் நகர்ந்தது. முதல் மேடு வந்தபோது அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே இறங்கிவிட்டேன். அன்றைக்கு இன்னும் ரெண்டு மேடு கூடுதலாக வந்தாலும் அவரோடு நடந்திருப்பேன்.