பிள்ளை வெளுக்கவில்லை, படம்தான் வெளுத்தது

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் மகளும் நலம். பேரன் நலமோ நலம். இந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டு, விமான டிக்கெட் எடுக்கும் வேலையைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

புதுக் கேமரா என்னிடம் எந்த வண்ணவெளி வேண்டும், அதாவது எத்தனை நிறங்கள் அடங்கிய கணக்கு வேண்டும் என்று கேட்டது. எஸ்ஆர்ஜிபி என்று ஒன்று, சின்னது. அதைவிட அதிக நிறங்கள் அடங்கும் பெரியது இன்னொன்று. முதல் பேரனுக்கு எதற்குக் கஞ்சத்தனம் என்று பெரியதை அமுக்கிவிட்டேன். என் கம்ப்யூட்டரில் பிள்ளை தளதளவென்றுதான் இருந்தான். உங்களுக்கு அனுப்பியதும், உங்கள் போனுக்கு அந்தப் பெரிய கணக்கு பிடிபடாமல் நிறத்தையெல்லாம் மங்கலாக்கிவிட்டது. "என்ன மாமா, புள்ளை உடம்புல ரத்தமே இல்லையா?" என்று நீங்கள் கேட்டதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பதற்றத்தில் வண்ணவெளியை அப்படியே விட்டுவிட்டுச் சிவப்பை மட்டும் ஏற்றி மறுபடி அனுப்பினேன், நீங்கள் "காய்ச்சலா?" என்றீர்கள். உங்கள் அத்தை பிள்ளையை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இவன் நல்லாத்தான் இருக்கான், உங்களுக்குத்தான் என்னமோ ஆயிடுச்சு" என்றாள். நான் கேட்டால்தானே? டாக்டரிடம் ஓடினேன், பிள்ளையை விட்டுவிட்டுப் போனை மட்டும் எடுத்துக்கொண்டு. "படத்துக்கெல்லாம் மருந்து எழுத முடியாது சார், புள்ளையத் தூக்கிட்டு வாங்க" என்றார். தூக்கிக்கொண்டு போனோம். ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

அதன்பிறகுதான் கேமராவோடு வந்த புத்தகத்தைப் புரட்டினேன். திரையில் பார்க்கிற படத்துக்கு எஸ்ஆர்ஜிபிதான் நல்லது, பெரும்பாலான திரைகளுக்கு அது ஒத்துப்போகும் என்று போட்டிருக்கிறது. அப்படி மாற்றிய படத்தை இத்துடன் இணைக்கிறேன். அவசர விடுப்பு வேறு கேட்டுவிட்டீர்களாமே! வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேலாளர் என்ன நினைப்பார்? என் அவசரப் புத்தி உங்கள் வேலைக்கு உலை வைத்துவிடக் கூடாது. விடுப்பு வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள்.

உங்கள் உடம்பும் உத்தியோகமும் ஒருசேரச் செழிக்க வாழ்த்தும்,
மாமனார்

பின்குறிப்பு: அனுப்பும் முன் மகளிடம் இதைப் படித்துக் காட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். பிள்ளையைத் தட்டிக்கொடுத்தபடியே, "புதுப் படத்தை அனுப்பாதீங்கப்பா. நல்லா இருக்கான், நல்லா இருக்கான்னு சொல்லிச் சொல்லித்தான் அவர் இன்னும் புள்ளையைப் பார்க்கவே வரலை" என்றாள். இணைத்திருந்த நல்ல படத்தை நீக்கிவிட்டேன். மேலாளரிடம் காட்டி விடுப்பு வாங்குவதற்கு வெளுத்ததையே இணைத்திருக்கிறேன். டிக்கெட்டைப் போடுங்கள், மாப்பிள்ளை.