அறுபத்திரண்டரை கிராம் கஞ்சி

கரையான்சாவடி,
வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மாப்பிள்ளை அரவிந்தன் வணங்கி எழுதுவது. இங்கே நானும் பரத்தும் நலம். வேப்பம்பட்டில் தாங்களும் அத்தையும் மாடுகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் நலம் என்பதைத் தாங்கள் நம்ப மாட்டீர்கள் என்று தெரியும், அதனால்தான் நாளைக்கே கிடைக்கும்படி கூரியரில் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் தாங்கள் பேச வேண்டியதைப் பேசியதும் வைத்துவிடுகிறீர்கள், என் முறை வருவதே இல்லை.

புதன்கிழமை காலை தாங்கள் சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது. "மாப்ள, புள்ள எலும்பும் தோலுமா கீறானாமே! எம் பொண்ணு பிரியா பூனால ட்ரெய்னிங் முடிச்சுக்கினு வர்ற வரைக்கும் இங்கயே இருக்கட்டும். ஞாயித்துக்கெழம வந்து இட்டுகினு போறேன். ஒரு புள்ளைக்கு சோறு போடத் தெரியல, நீங்கள்லாம் இன்னா இன்ஸ்பெக்டரு?" என்றீர்கள். மாமா, மண்ணூர்பேட்டை கம்பெனியில் பதினோரு வருடமாக அளவு பார்க்கிறவன் நான். என் கையைத் தாண்டி ஒரு தப்பான போல்ட் வெளியே போனதில்லை. அப்படிப்பட்டவனை ஆறு வயதுப் பையன் ஒருவன் தோற்கடித்தது எப்படி என்பதையும், பிறகு நான் எப்படி ஜெயித்தேன் என்பதையும் தாங்கள் முழுசாகப் படித்துவிட்டு முடிவெடுக்க வேண்டும்.

போன வியாழக்கிழமை பரத்துக்கு ஜுரம் வந்தது. அன்றிலிருந்து லீவில் இருக்கிறேன். என் கல்யாணத்துக்கே மூன்று நாள்தான் லீவு போட்டேன் என்பது தங்களுக்குத் தெரியும். திங்கட்கிழமை ஜுரம் விட்டது, ஆனால் வாய் திறக்கவில்லை. நெய் விட்ட பருப்பு சோறு, மிளகு ரசம், சர்க்கரை தொட்ட இட்லி, அத்தை செய்வதுபோலவே உருளைக்கிழங்கு பொரியல் (கொஞ்சம் கருகிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன்), பேக்கரியிலிருந்து பன் பட்டர் ஜாம் என்று எதைக் கொடுத்தாலும் ஒரு வாய் வாங்கிக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவான். தாங்கள் போனை வைத்த பிறகு, "உனக்கு இன்னாதான்டா வேணும்?" என்று கத்தியேவிட்டேன். "பள்ளிவாசல் கஞ்சி," என்றான்.

போன நோன்பு மாதத்தில் தினமும் சாயந்திரம் கீழ்வீட்டு ஜீனத்தோடு தூக்கு எடுத்துக்கொண்டு பள்ளிவாசல் வரிசையில் நின்று வாங்கிக் குடித்தவன் அவன். நோன்பு முடிந்து எத்தனையோ வாரம் ஆகிவிட்டது. நல்ல வேளையாக அந்தக் கஞ்சியைக் காய்ச்சுகிறவர் ஜீனத்தின் தாத்தா பக்கீர் முகமது பாய்தான். நேராகக் கீழே போய், ஒரு கிண்ணத்துக்கு அளவு கேட்டேன். "ஒரு கிண்ணமா? நம்ம கை அண்டா கை, நைனா. அரிசி இருபத்தஞ்சு கிலோ, கறி ஆறு கிலோ, தேங்கா இருபது, வெந்தயம் அரை கிலோ. நானூறு கிண்ணம் வரும். கிண்ணத்துக்கெல்லாம் நான் அளவுக்கு எங்க போவேன்?" என்றார்.

நான் மலைக்கவில்லை. நானூறால் வகுத்தேன். அரிசி அறுபத்திரண்டரை கிராம், கறி பதினைந்து கிராம், தேங்காயில் இருபதில் ஒரு பங்கு. கறிக்கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பதினஞ்சு கிராமா? கத்தில ஒட்டிக்கினு கீறதே அவ்ளோ வரும் சார், வழிச்சு எடுத்துக்கினு போங்க," என்றார். கம்பெனியில் கேட்டு வாங்கிவந்த தராசைச் சமையலறைத் தரையில் வைத்து நானும் பரத்தும் இரண்டு மணி நேரம் நிறுத்தோம். தேங்காய் மூடியில் அவன் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டான். வெந்தயம் எழுபத்திரண்டு என்று எண்ணிக் கொடுத்தான். நடுவில் "நாளைக்கும் லீவாப்பா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். ஜுரம் வந்ததிலிருந்து அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன். கஞ்சியும் குறையில்லாமல் வந்தது. கிண்ணத்தை முன்னால் வைத்தேன். எட்டிப் பார்த்துவிட்டு, "வரிசை எங்கப்பா?" என்றான்.

சரி, வரிசைதானே என்று அவனைச் சமையலறை வாசலில் நிறுத்தி நான் பின்னால் நின்றேன். ஊற்றுவதற்கு ஆள் இல்லை. ஊற்ற நான் போனால் வரிசை இல்லை. ஜீனத்தைக் கூப்பிட்டேன். அவள் அண்ணன் மஸூத்தும் வந்தான். மஸூத்தின் கூட்டாளிகள் ஆறு பேர் வந்தார்கள். வரிசை மாடிப்படிவரை போய்விட்டது, கஞ்சியோ ஒரே ஒரு கிண்ணம். அதைப் பங்குபோட்டதில் ஆளுக்கு ஒரு கரண்டிகூட வரவில்லை, பிள்ளைகள் போட்ட கூச்சலில் பாயே மேலே ஏறி வந்துவிட்டார். கிண்ணத்தையும் என்னையும் பார்த்தார். "நோன்பு இல்லாட்டி இன்னா நைனா, புள்ள பசி கீதே. நாளைக்கு நாலரைக்கு எல்லாரையும் கூட்டியா," என்றார்.

நேற்று வியாழக்கிழமை கீழ்வாசலில் பாயின் குட்டி அண்டா அடுப்பில் ஏறியது. குட்டி என்றால் ஐம்பது பேருக்கு. அவர் மருமகள் ஃபக்ருன்னிசா அக்காதான் கரண்டி பிடித்தார். தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் தூக்கோடு நின்றார்கள். பரத் ஏழாவது ஆள், அவன் பின்னால் எட்டாவதாக நான். வாங்கிக் குடித்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மறுபடி கடைசியில் போய் நின்றான். இப்படி மூன்று முறை. மாமா, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மூன்றாவது கிண்ணத்தை அவன் வழித்துக் குடித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. சூடு என்று பாயிடம் சொல்லிச் சமாளித்தேன்.

ஆகவே குறை எதுவும் இல்லை. பையன் சாப்பிடுகிறான். திங்கட்கிழமையிலிருந்து அவன் பள்ளிக்கூடத்துக்கும் நான் வழக்கமான இரண்டாவது ஷிஃப்டுக்கும் போகப்போகிறோம். பள்ளி விட்டதும் எப்போதும்போல ஃபக்ருன்னிசா அக்கா பார்த்துக்கொள்வார், நான் வரும்போது தூங்கியிருப்பான், ஒரு தொந்தரவும் இல்லை. தாங்கள் சிரமப்பட்டு ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். பிரியாவிடம் ஜுரத்தைப் பற்றி மூச்சு விட வேண்டாம். அத்தையின் காலைத் தொட்டு வணங்கியதாகச் சொல்லவும். கன்று போட்ட மாட்டையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் ஆசியை வேண்டும்
அரவிந்தன்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்முன் திங்கட்கிழமை விஷயத்தைப் பரத்திடமும் சொன்னேன். தட்டைத் தள்ளிவிட்டான். பாயிடம் மறுபடி அண்டா வைக்கச் சொல்லட்டுமா என்றேன். "அண்டா வேணாம்," என்றான். பின்ன இன்னாடா வேணும் என்றேன். "நான் சாப்ட்டா நீ வேலைக்குப் போயிடுவ," என்றான். இதற்கு என்னிடம் அளவு இல்லை, மாமா. வர வேண்டாம் என்று மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள், ஆனால் அவனை அழைத்துப் போக வேண்டாம். எனக்கு ஷிஃப்ட் மாறும்வரை அத்தையோடு இங்கேயே தங்குங்கள். முதல் ஷிஃப்ட் கேட்டு மேலாளருக்கு இப்போதே எழுதிவிட்டேன். கிடைத்துவிட்டால் தினமும் நாலு மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பேன் என்று அவனிடம் சொன்னேன். "பாத்துட்டு சாப்புடறேன்," என்றான்.